பிளஸ் டூ என்று ஒரு வரி

தொழில் வளர்ச்சிப் பணிக்காக என்னைப் பெரம்பலூரில் போட்டபோது, குன்னம் பக்கம் ஒரு காலணித் தொழிற்சாலைக்குக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. பல வருடங்களுக்கு முன்பே தொழில் வளாகத்துக்கென்று விவசாயிகளிடம் வாங்கிக் கம்பிவேலி போட்ட நிலம் அது. தொழில் எதுவும் வரவில்லை. மக்காச்சோளமும் பருத்தியும் விளைந்த கரிசலில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. கடைசியில் ஒரு கம்பெனி வந்தது. தண்ணீர், மின்சாரம், வரிச்சலுகை எல்லாம் அரசு கொடுக்கும். பதிலுக்குச் சுற்றுவட்டாரப் பெண்களுக்குக் கம்பெனி வேலை கொடுக்க வேண்டும். அந்தப் பெண்களைக் கண்டுபிடித்துப் பயிற்சிக்கு அனுப்புவது என் பொறுப்பு.

சுலபமான வேலை என்றுதான் நினைத்தேன்.

வேலியை ஒட்டிய ஊரில், பஞ்சாயத்து ஆபீஸ் கூடத்தில் கூட்டம் போட்டோம். இடமே இல்லாத அளவுக்குப் பெண்கள் வந்திருந்தார்கள். படிவத்தைப் படித்தேன். 'கல்வித் தகுதி: பிளஸ் டூ தேர்ச்சி' என்று வாசித்ததும் பாதிப்பேர் எழுந்து போய்விட்டார்கள். போகாமல் நின்ற ஒரு பெண்ணுக்கு முப்பது வயதுக்கு மேலிருக்கும். கணவர் அரியலூரில் சிமெண்ட் லாரி ஓட்டுகிறவர். இவர் எட்டாவதோடு நின்றவர். வீட்டில் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவர்.

"ஏங்க மேடம், எங்க வூட்டு நெலத்த வாங்கறப்ப எத்தனாவது படிச்சிருக்கீங்கன்னு யாரும் கேக்கலையே. இப்ப மட்டும் எதுக்குக் கேக்குறீங்க?"

அவர் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "ரூல்ஸ் அப்படிங்க" என்றேன். சொல்லும்போதே எனக்குக் கூசியது.

மறுநாள் ஆபீஸில் நாற்காலியில் உட்கார முடியவில்லை. பத்து மணிக்குள் மூன்று முறை டீக்கடைக்குப் போய் வந்தேன். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு நேராகத் தொழிற்சாலைக்கே போனேன். வேலூர்ப் பக்கத்துக்காரரான மேலாளர், லாரியிலிருந்து தையல் மெஷின்கள் இறங்குவதை மேற்பார்வையிட்டுக்கொண்டிருந்தார்.

"பிளஸ் டூவா? நாங்க கேக்கவே இல்லையே மேடம்! எங்களுக்குக் கை ஓடணும், கண்ணு நிக்கணும், அவ்வளவுதான். அது உங்க ட்ரெயினிங் ஸ்கீம்ல இருக்கு. அதுல தேறி வர்றவங்களத்தான் நாங்க எடுக்கணும்னு ஒப்பந்தம்."

"ஆள் பத்தலைன்னா?"

"வெளி மாநிலத்துலேர்ந்து கூட்டிட்டு வருவோம். ஹாஸ்டலுக்கு இடம்கூடப் பாத்தாச்சு."

திரும்பி வரும் வழியெல்லாம் அதுதான் மனதில் ஓடியது. நிலம் ஒரு துறை, சலுகை ஒரு துறை, பயிற்சி இன்னொரு துறை. கம்ப்யூட்டர் வகுப்புக்காக எப்போதோ எழுதிய திட்டத்தை அப்படியே தையலுக்கும் எடுத்துப் போட்டிருந்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. யாரும் எடுத்துப் படித்துப் பார்க்கவுமில்லை.

என் மேலதிகாரியிடம் சொன்னேன். ஓய்வுபெறும் தறுவாயில் இருந்தவர், நல்ல மனிதர்.

"அது வேற டிபார்ட்மெண்ட் ஸ்கீம்மா. பிளஸ் டூ முடிச்ச புள்ளைங்க டவுன்லயே கெடைக்கும். லிஸ்ட அனுப்பிட்டு அடுத்த வேலையப் பாரு."

"சார், ஃபேக்டரி வரணுங்கிறது நம்ம நோக்கமா, இல்ல அது வந்து இந்த ஊரு ஜனங்க நெலமை மாறணுங்கிறதா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "எழுது. ஆனா வெறுங்கையோட எழுதாத" என்றார்.

அந்த வாரமே மேலாளரிடம் கேட்டு, ஒரு மெஷினையும் ஒரு சூப்பர்வைசரையும் வேனில் ஏற்றி அதே கூடத்துக்குக் கொண்டுபோனேன். ரெக்சின் துண்டில் வளைவாக ஒரு கோடு போட்டிருக்கும். ஊசி அந்தக் கோட்டை விடாமல் போக வேண்டும். படித்தவர், படிக்காதவர் எல்லோரும் தைத்தார்கள். அந்தப் பெண்ணின் முறை வந்தது. காலால் மிதிக்கும் மெஷினில் பழகியவர். மோட்டாரின் வேகத்தில் முதல் துண்டு கோணிக்கொண்டு போனது. "இன்னொன்னு குடுங்க" என்றார். அதுவும் கொஞ்சம் விலகியது. மூன்றாவது துண்டை சூப்பர்வைசர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்தத் துண்டைக் கேட்டு வாங்கி, மற்றவர்கள் தைத்தவற்றோடு, அந்தப் பிளஸ் டூ வரியை எடுக்கச் சொல்லிப் பயிற்சித் துறைக்கு எழுதிய கடிதத்தில் வைத்துத் தைத்து அனுப்பினேன். மேலாளரும் தனியாக ஒரு கடிதம் கொடுத்தார். அதன் பிறகு தினமும் தபால் வரும் நேரத்துக்கு வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்தேன். பயிற்சியின் முதல் அணி தொடங்கிய பிறகுதான் பதில் வந்தது: நிலம் கொடுத்த குடும்பத்தினருக்கு மட்டும் எட்டாம் வகுப்பு போதும்.

அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைத்துவிட்டது. ஆனால் அதே நிலத்தில் கூலிக்குக் களை எடுத்தவர்கள், கொடுப்பதற்கு ஒரு சென்ட் நிலமும் இல்லாதவர்கள், வெளியேதான் நின்றார்கள். அவர்களும் கோட்டை விடாமல் தைத்தவர்கள்தான். மறுபடி எழுதினேன். அதற்குப் பதில் வருவதற்குள் என்னை அரியலூருக்கு மாற்றிவிட்டார்கள். எனக்குப் பின் வந்தவரிடம் போனில் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒன்றரை வருடம் கழித்துத்தான் அந்த வரியை எல்லோருக்குமாக எடுத்தார்கள். அதற்குள் வெளி மாநிலத்தவர்களால் ஹாஸ்டல் பாதி நிரம்பியிருந்தது.

போன மாதம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். கழுத்தில் அடையாள அட்டை. இடுப்பு வலிக்கிறது என்றார். ஆனாலும் வேலையை விடமாட்டேன் என்றார். மகள் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறாளாம்.

"இந்த ஷூவெல்லாம் எங்க மேடம் வரையறாங்க?"

"வெளிநாட்டுலதாங்க."

"மெஷின் ரிப்பேர்னாலும் மெட்ராஸ்லேர்ந்துதான் ஆள் வராங்க. அப்ப எம்பொண்ணு படிச்சிட்டு வந்தாலும் அதுக்கும் தையல் லைன்தானா?"

அவர் பஸ் வந்துவிட்டது. "போயிட்டு வரேன்" என்று ஏறிப் போய்விட்டார். நான் அரியலூர் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றேன்.

மேலாளருக்குப் போன் செய்தேன். "அதெல்லாம் என் கையில இல்ல மேடம்" என்றார். உண்மைதான். வரைகிற வேலையும் மெஷின் பழுது பார்க்கிற வேலையும் இந்த ஊருக்கு வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் யாரும் கேட்கவே இல்லை. நானும்தான் கேட்கவில்லை. இப்போது அதற்கொரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். எந்தத் துறைக்கு அனுப்புவது என்ற இடம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது.