பலகைக்கு அந்தப் பக்கம் ஊதியவர்

சுனாமி வந்துபோன அடுத்த மாதம் நடந்தது இது. கல்முனையில் கடற்கரையோரம் வீடிழந்த எங்களை ஒரு வெறும் வளவில், தகரமும் பலகையும் அடித்த கொட்டில்களில் இருத்தியிருந்தார்கள். இரண்டு குடும்பத்துக்கு நடுவில் ஒரேயொரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும்.

நான் அப்போது இத்தாவில் இருந்தேன். புருஷன் மவுத்தானால் எங்கள் பெண்கள் நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து வீட்டுக்குள்ளேயே இருப்போம். அந்நிய ஆண்களின் கண்ணில் படமாட்டோம். என் மனிசனுக்குச் சொந்தமாக இரண்டு தோணி இருந்தது. தோணியையும் கடல் எடுத்தது, அவரையும் எடுத்தது. அடக்குவதற்கு மையத்தாவது கிடைத்ததே என்று அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். ஆனால் இத்தா இருப்பதற்கு ஒரு அறை வேண்டுமே? கொட்டிலில் அறை ஏது, கதவு ஏது? என் மகள் பலகை இடுக்குகளில் கந்தைத் துணி அடைத்து, நடுவில் ஒரு பெட்சீட்டைக் கட்டிவிட்டாள். அதற்குள்தான் என் இருப்பு.

கொட்டிலுக்கு வந்த அன்று பின்னேரம், அடுத்த பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. கன்றைத் தொலைத்த எருமை கத்துவதுபோல் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் மனுஷர் கதைப்பதுபோல் ஆகிவிட்டது.

"என்ன புள்ள அது?" என்று கேட்டேன்.

"சாக்ஸபோன் உம்மா. ஸ்கூல்ல பேண்ட் படிப்பிக்கிற பறங்கி மாஸ்டர்தான் பக்கத்துக் கொட்டில். அவர்ட வீடும் போயிட்டு. இது ஸ்கூல் அலுமாரிக்குள்ள இருந்ததால தப்பிச்சிருக்கு."

அதற்குப் பிறகு நாள்தோறும் பின்னேரத்தில் பேண்டில் வாசிக்கும் பிள்ளைகள் அவரிடம் வருவார்கள். அவர் ஊதிக் காட்டுவார், பிள்ளைகள் ஊதுவார்கள், அவர் ஏசுவார், பிறகு கதை சொல்லுவார். முகத்தைக் காணாமலே அந்த மனிசரின் சீவியம் முழுவதையும் நான் கேட்டு முடித்தேன். பிறந்தது மட்டக்களப்பில், போர்த்துக்கீசர் வழி வந்த பறங்கிக் குடும்பத்தில். இள வயதிலேயே கொழும்புக்குப் போய்ப் பெரிய ஹோட்டல்களில் ஊதியிருக்கிறார். பிறகு பயணிகள் கப்பலில் சேர்ந்து எத்தனையோ துறைமுகம் பார்த்திருக்கிறார். கப்பல் ஆட ஆடக் கால் ஊன்றி ஊதிப் பழகியதில், தரைக்கு வந்ததும் தாளம் பிடிபடவில்லை என்று சொல்லிச் சிரித்தார். சொந்தமாகப் பாட்டுகளும் கட்டியிருக்கிறார். தனித்துப்போன தங்கச்சிக்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து, கல்முனையில் வாடகைக்கு வீடெடுத்துப் படிப்பிக்கத் தொடங்கியவர்.

ஒருநாள் ஒரு பிள்ளை, "ஜாஸ் எண்டா என்ன சேர்?" என்று கேட்டது.

"மெட்டு எல்லாருக்கும் ஒண்டுதான் மகள். அதுக்குள்ள அந்த நேரம் உனக்கு என்ன தோணுதோ அதச் சொல்லிப்போட்டு, திரும்பி மெட்டுக்கு வந்து சேரணும். வழி தவறினா நான் ஏசுவன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயலில் கதிர் அறுக்கும்போது நாங்கள் கவி படிப்போமே, அதுவும் இப்படித்தானே? மெட்டு ஒன்று, வார்த்தையை அவரவர் அந்த இடத்திலேயே எடுத்துப் போடுவோம். இதைப் படிக்கக் கப்பல் ஏறியிருக்கிறாரே இந்த மனிசர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் சத்தம் நின்றது. அடுத்த நாளும் இல்லை. என் மனிசனின் காக்கா, எனக்கு மூத்த மச்சான், போய் "இத்தா இருக்கிற வீட்டுக்குப் பக்கத்தில் பாட்டுக்கூத்து வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார். மாஸ்டர் உடனே பெட்டியை மூடிவிட்டார். அதைப் பார்த்து மற்றக் கொட்டில்காரரும் மரியாதை காட்டத் தொடங்கினார்கள். ரேடியோவை நிறுத்தினார்கள். பிள்ளைகளைத் தூர விளையாடத் துரத்தினார்கள். என்னைச் சுற்றி ஈ பறந்தால் கேட்கும்.

அப்போதுதான் எனக்குக் கடல் கேட்டது.

அது என்றைக்கும் அங்கேதான் இருந்தது. அதன் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள்தான் நான். ஆனால் இப்போது ஒவ்வொரு அலையும் எழும்பும்போது என் நெஞ்சும் எழும்பியது. அது விழும்வரைக்கும் மூச்சு வரவில்லை. காதைப் பொத்தினால் உள்ளுக்குள்ளும் அதே சத்தம். தஸ்பீஹ் மணியை உருட்டினால் எண்ணிக்கை தவறியது. சோறு இறங்கவில்லை. அந்த மனிசர் ஊதியதுதான் இத்தனை நாளும் கடலை அந்தப் பக்கம் தள்ளி வைத்திருந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. ஆனால் ஒருவரிடமும் சொல்லவில்லை. இரண்டு தோணிக்காரன் பொண்டாட்டி கடலுக்குப் பயந்து நடுங்குகிறாள் என்று எந்த வாயால் சொல்ல?

மச்சானைக் கூப்பிட்டு அனுப்பினேன். பெட்சீட்டுக்கு அந்தப் பக்கம் வந்து இருந்தார்.

"பக்கத்து மனிசன்ட தொழில நிப்பாட்டினது ஆரு மச்சான்?"

"நான்தான் புள்ள. நீ இத்தாவில இரிக்கக்குள்ள ஊத்தும் கூத்துமா?"

"மருதமுனையில ஒரு பொம்புள இத்தா இருந்தா தறிய நிப்பாட்டுறாங்களா? மீன்காரன் ஹோர்ன் அடிக்காமப் போறானா?"

"அது தொழில்."

"இதுவும் தொழில்தான். புள்ளயளுக்குப் படிப்பிக்கிறவர். பாங்கு சொல்ல முதலே நிப்பாட்டிப்போடுவாரு, அது உங்களுக்குத் தெரியுமா?"

"ஊர் என்ன சொல்லும்?"

"ஊருக்கு நான் மறுமொழி சொல்றன். நீங்க போய் ஊதச் சொல்லுங்க."

"நானே போய் நிப்பாட்டிப்போட்டு, மறுகா நானே போய் ஊதச் சொல்றதா? எனக்கென்ன வெக்கமில்லையா?"

"அப்ப நீங்க சும்மா இரிங்க. அது போதும்."

சும்மா இருந்தார், பாவம். நல்ல மனிசர்தான். நான் மகளை அனுப்பினேன். போனவள் வர நேரமாயிற்று. வந்தபோது கண் சிவந்திருந்தது.

"உம்மா, அவர் பேக்கக் கட்டி வச்சிருக்காரு. விடிஞ்சா மட்டக்களப்பு பஸ்ஸுக்குப் போற எண்டு. அவர்ட தங்கச்சியும் மவுத்தாம் உம்மா. மையத்து இன்னும் கிடைக்கல்ல."

அவர் சொன்னதை மகள் எனக்கு அப்படியே சொன்னாள். அவர் ஊதும்போது தங்கச்சி குசினிக்குள் நின்று கேட்பாளாம். ஒரு இடம் பிழைத்தால் அகப்பையை எடுத்துச் சட்டியில் அடிப்பாளாம். இப்போது எவ்வளவு பிழையாக ஊதினாலும் ஏச ஆள் இல்லை என்றாராம்.

அவர் ஊதியதை நான் கூத்தென்று நினைக்கவில்லை. ஆனால் துக்கம் என்றும் நினைக்கவில்லை. எனக்கு வெள்ளைப் புடவை இருந்தது, ஊரே பார்த்து ஒதுங்கியது. அவருக்கு அப்படி ஒன்றும் இல்லை.

"மறுகா என்ன சொன்னாரு?" என்றேன்.

மகள் சிரித்துக்கொண்டே அழுதாள். "நீங்க கேக்கிறெண்டா போகாம இருப்பாராம். புடிக்காத இடம் வந்தா பலகையில தட்டச் சொன்னாரு."

அன்று பின்னேரம் பக்கத்தில் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. மெதுவாகத் தொடங்கினார். நான் நிமிர்ந்து இருந்து கேட்டேன். ஒரு இடத்தில் சும்மா இழுத்துக்கொண்டே போனார். எடுத்தேன் கரண்டியை, பலகையில் ஒரு தட்டுத் தட்டினேன். அந்தப் பக்கம் ஊதல் பட்டென்று நின்றது. பிறகு ஒரு பெரிய சிரிப்பு. பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள்.

"பாத்தீங்களா, உம்மாவுக்குப் புடிக்கல்ல. திரும்ப வாசிப்பம்."

மச்சான் இதைக் கேள்விப்பட்டு வந்து முணுமுணுத்தார். "நான் தட்டினது பலகையத்தான் மச்சான்" என்றேன்.

இத்தா முடியும்வரைக்கும் அப்படியே போனது. அவர் புதுசாக ஒரு பாட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு இசை ஒன்றும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பைக்கூட முடிக்கவில்லை. ஆனாலும் அந்தப் பாட்டில் இன்றைக்கு எஞ்சியிருப்பது நான் தட்டாமல் விட்ட இடங்கள்தான். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன், குறைத்துச் சொல்ல என்ன இருக்கிறது?

இத்தா கழித்துக் குளித்து வெளியே வந்த அன்று அவரைக் கண்டேன். அந்தச் சத்தத்துக்கு நான் ஒரு பயில்வானை நினைத்து வைத்திருந்தேன். சாரனைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, தடித்த கண்ணாடியோடு, என் தோளளவு உயரத்தில் ஒரு மனிசர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார்.

"நீங்கதானா தட்டினது?" என்றார்.

"நீங்கதானா இழுத்தது?" என்றேன்.

அவர் மட்டக்களப்புக்குத் திரும்பிப் போகவில்லை. கல்முனையிலேயே இன்னொரு வீடெடுத்து, யுத்தம் முடிந்த பிறகும் படிப்பித்தார். யுத்த காலத்தில் பேண்டை வெளியூருக்குக் கூட்டிப்போனால் வழியெல்லாம் செக்பொயின்ட். ஒவ்வொன்றிலும் அந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, ஆமிக்காரர் ஊதிக் காட்டவும் சொல்வார்களாம். யுத்தம் முடிந்து முதல்முறை கொழும்புக்குப் போய் வந்தவர் என் வீட்டு வாசலில் நின்று குறைப்பட்டுக்கொண்டார்: "என்ன ராத்தா இது, கொழும்புமட்டும் போய் வந்தன். வழியில ஒருத்தனும் ஊதச் சொல்லல்ல."

"வாங்க, இஞ்ச இருந்து ஊதுங்க" என்று கதிரையை இழுத்துப் போட்டேன். ஊதினார். அயல் பிள்ளைகளெல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். அவரிடம் படித்தவர்களில் இரண்டு பேர் இன்று கொழும்பு ஹோட்டல்களில் ஊதுகிறார்கள். ஒரு பெண் பிள்ளை பாட்டு டீச்சராகிவிட்டாள். அன்று அவர் அந்த பஸ்ஸில் ஏறியிருந்தால் இவர்களுக்கு ஆர் படிப்பித்திருப்பார் என்று நினைத்துப் பார்ப்பேன்.

இப்போதும் ஊரில் ஒரு பெண் இத்தா இருந்தால் சனங்கள் அந்த வீட்டுப் பக்கம் காலைக்கூட மெல்ல வைத்து நடக்கிறார்கள். மரியாதைக்குத்தான் செய்கிறார்கள், குற்றம் சொல்லவில்லை. நான் மட்டும் போய் அவளுக்குப் பக்கத்தில் இருந்து, மீன் விலையிலிருந்து மருமகள் சண்டை வரைக்கும் சத்தமாகக் கதைத்துக்கொண்டே இருப்பேன். எல்லாரும் வாயை மூடிக்கொண்டால் அவளுக்கு எது கேட்கும் என்று எனக்குத் தெரியும்.