“நான் தொடவே இல்ல ஆச்சி”

முத்துக்கருப்பனின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தபோது காலை ஏழு மணி. சனிக்கிழமை அந்த நேரத்தில் அவர் கூப்பிட்டால் அது காற்றைப் பற்றித்தான். எடுத்தவுடன், “என்ன தம்பி, இன்னைக்குக் காத்து எப்படி?” என்று கேட்டுவிட்டேன். பேசியது அவர் மனைவி வள்ளி. “ஆச்சி, அவுக போயிட்டாக” என்றாள். நெஞ்சுவலி, மதுரைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். நாற்பத்து மூன்று வயது. “சரிம்மா” என்றேன். அந்த நேரத்தில் சொல்கிற வார்த்தையா அது? போனை வைத்துவிட்டு, பாதி நறுக்கியிருந்த அவரைக்காயை மீதியும் நறுக்கி முடித்தேன்.

உங்களில் பலருக்கு அவர் ஸ்டூடியோக்காரர். காரைக்குடியில் உங்கள் வீட்டுக் கல்யாணத்தை ட்ரோன் விட்டுப் படம்பிடித்தவர். எனக்கு அவர் ரிமோட் ஹெலிகாப்டர் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர். முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவளுக்கு ஐம்பத்தொன்பது வயதில் இந்த ஆசை ஏன் வந்தது என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. ஸ்டூடியோ மேஜையில் அந்தச் சின்ன ஹெலிகாப்டரைப் பார்த்தேன், கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. “ட்ரோன் தானா நிக்கும் ஆச்சி. இது நாம நிப்பாட்டினாத்தான் நிக்கும். பரவாயில்லையா?” என்றார். பரவாயில்லை என்றேன்.

கேட்டவுடன் கொடுத்துவிடவில்லை. ஒரு மாதம் கம்ப்யூட்டரில் பறக்கவிடச் சொன்னார். “அங்க விழுந்தா றெக்கை ஒடியாது. ஆசைதீர விழுங்க.” விழுந்தேன். பத்தாம் வகுப்பில் நான் ஃபெயிலாக்கிய பிள்ளைகள் பார்த்திருந்தால் திருப்தியாகப் போயிருப்பார்கள்.

நிஜ ஹெலிகாப்டர் கைக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, அதை எங்கள் பெரிய வீட்டு வளவுக்குக் கொண்டுபோனது. நடுவே திறந்த முற்றம், நாலு பக்கமும் சுவர், வெளிக்காற்று எட்டாது, கீழே வழுவழுப்பான ஆத்தங்குடிக் கல். இதைவிட நல்ல இடம் உண்டா என்று அவரிடம் வாதாடினேன். “நீங்க சொன்னாச் சரிதான்” என்று அவரும் வந்தார். ஓர் அடி உயர்ந்ததுமே அது பேய் பிடித்தது போல ஆடியது, தூணில் மோதியது, ஒடிந்த றெக்கை தரையில் ஒரு கல்லின் முனையைப் பெயர்த்தது. சுழல்கிற றெக்கை தள்ளிய காற்றே நாலு சுவரிலும் பட்டுத் திரும்பி வந்து அதை அடித்திருக்கிறது. “வெளிக்காத்து இல்ல ஆச்சி, நாம உண்டாக்குன காத்து” என்றார். அவருக்கு முன்பே தெரியும் என்று அப்புறம்தான் புரிந்தது. திட்டினேன். “நான் சொன்னா நம்பியிருப்பீகளா?” என்று கேட்டார். நம்பியிருக்க மாட்டேன். வீட்டுப் பங்காளிகளுக்கு இந்தச் செய்தி இன்னும் தெரியாது. இப்போது தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு திருப்பத்தூர் ரோட்டோரம், தண்ணீர் வற்றிய கண்மாய். புல் தட்டாமலிருக்கத் தார்ப்பாய் விரிப்பார். ஹெலிகாப்டர் சாய்ந்து கவிழாதபடி காலடியில் நீளக் குச்சிகளைக் குறுக்காகக் கட்டி, நுனியில் பந்து செருகியிருப்பார். முதலில் வால் என்னைப் பார்த்திருக்க, ஓரிடத்தில் நிறுத்த வேண்டும். அது மூன்று மாதத்தில் வந்துவிட்டது. மூக்கை என் பக்கம் திருப்பினால்தான் வினை. அது என் இடப்பக்கம் ஒதுங்கும், நான் பதறி வலப்பக்கம் தள்ளுவேன், அதற்கு வலது எனக்கு இடது, இன்னும் ஒதுங்கிப் போய் விழும். கணக்கு தெரியும், கைக்குத் தெரியவில்லை.

அதனால் இரண்டு ரிமோட்டை இணைத்தார். அவர் ரிமோட்டில் ஒரு ஸ்விட்ச். அதைப் பிடித்திருக்கும்வரை ஹெலிகாப்டர் என் கையில், விட்டால் அவர் கையில். போன மாதம் ஒரு நாள் மாலை, மூக்கு என்னைப் பார்க்க, அது அசையாமல் நாற்பது நொடி நின்றது. நான் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, எடுக்கவும் முடியாது. இறங்கியதும் கேட்டேன், “நீயா, நானா?”

“சத்தியமா நான் தொடவே இல்ல ஆச்சி. முழுக்க நீங்கதான்.”

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

சாவு வீட்டில் எல்லாரும் அழுதார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து பந்தல் கம்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஏன் அழுகை வரவில்லை என்று என் மேலேயே கோபம் வந்தது. கருமாதி முடிந்து கிளம்பும்போது வள்ளி ஹெலிகாப்டரையும் அவர் ரிமோட்டையும் பையில் போட்டுக் கொடுத்தாள். “நீங்களே வச்சுக்கங்க ஆச்சி. என்னால இதைப் பாத்துக்கிட்டு இருக்க முடியல.”

நேற்று கண்மாய்க்குத் தனியாகப் போனேன். தார்ப்பாயை நானே விரித்தேன். காற்று இல்லை. மூக்கை என் பக்கம் திருப்பினேன். நாலு எண்ணுவதற்குள் இடப்பக்கம் ஒதுங்கி விழுந்தது. துக்கத்தில் கை தடுமாறியிருக்கும் என்று மறுபடி செய்தேன். அதே பக்கம், அதே நாலு. மூன்றாம் தடவை றெக்கை ஒடிந்தது.

அப்படியானால் அந்த நாற்பது நொடியும் அவர்தான். தார்ப்பாய் மேலேயே உட்கார்ந்து, பதினேழு நாளைக்குப் பிறகு வாய்விட்டு அழுதேன்.

முப்பது வருடம் தப்பான விடையைச் சிவப்பு மையில் சுழித்தவள் நான். முத்துக்கருப்பன் எனக்காகச் செய்த அந்தப் பொய்ச் சத்தியத்தை மட்டும் சுழிக்காமல் வைத்துக்கொள்கிறேன்.