கேரம் ஃபைனலுக்கு வந்த மெட்ராஸ் ஐ

வெள்ளிக்கிழமை காலை. காபிகூட இறக்கவில்லை. உள்ளேயிருந்து ஓர் அலறல்.

"அம்மா... கண்ணு தொறக்கல!"

ஓடினேன். ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் நிலா, படுக்கையில் உட்கார்ந்து கைகளால் காற்றைத் துழாவிக்கொண்டிருந்தாள். இமைகள் கோந்து போட்ட கவர் மாதிரி ஒட்டியிருந்தன. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டேன். திறந்தது. வலது கண், பழுத்த மிளகாய்!

மெட்ராஸ் ஐ. ஊருக்குப் பெயர் மாற்றி எவ்வளவு காலம் ஆகிறது... இந்த நோய்க்கு மட்டும் யாரும் மாற்றக் காணோம்.

நிலா கண்ணாடியில் முகத்தைப் பார்த்தாள். வலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "ஞாயித்துக்கிழமை ஃபைனல் ஆடலாம்ல?" என்றாள்.

மந்தைவெளியில் இருக்கும் எங்கள் அடுக்ககத்தில் வருடா வருடம் குழந்தைகளுக்குக் கேரம் போட்டி நடக்கும். நிலா ஃபைனலுக்கு வந்தது இதுதான் முதல் முறை. எதிராளி, பி பிளாக் ரிஸ்வான். ஏழாம் வகுப்பு. போன வருடத்துச் சாம்பியன். ஒரு மாதமாக இவள் சாப்பாட்டுத் தட்டில் ஒதுக்கிய கறிவேப்பிலையைக்கூடக் குறிபார்த்துச் சுண்டிக்கொண்டிருந்தாள்.

மறைக்க மனமில்லை. அடுக்கக வாட்ஸ்அப் குரூப்பில் விஷயத்தைப் போட்டேன். போட்டதுதான் தாமதம்...

'ஒரு கண்ணுதானே? ரெண்டு கண்ணும் வந்தாத்தான் பரவுமாமே?'

'நேத்து லிஃப்ட்ல என் பையன் அவளைப் பார்த்துட்டானாம். இப்பவே சொட்டு மருந்து விட்டுடலாமா?'

'போன தடவை வாங்கின டிராப்ஸ் எங்க ஃப்ரிட்ஜ்ல மீதி இருக்கு. கொடுத்தனுப்பவா?'

கீழ்வீட்டில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி. கதவைத் தட்டி, "அக்கா, தாய்ப்பால் ரெண்டு சொட்டு விட்டா சரியாயிடும்னு எங்கம்மா சொல்றாங்க. கொண்டு வரட்டுமா?" என்றாள். நல்ல மனசு! நன்றி சொல்லி அனுப்பினேன்.

இத்தனைக்கும் நடுவில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. 'யார்கிட்டேருந்து வந்துச்சு?'

அடுக்ககச் சங்கச் செயலாளர் ராமநாதன் மாமா போன் செய்தார். "கவலையே படாதேம்மா. கொழந்தைக்கு ஒரு கூலிங் கிளாஸ் வாங்கிக் குடு. ஜம்முனு வந்து ஆடட்டும். கண்ணோட கண்ணு பார்த்தாத்தானே ஒட்டிக்கும்? நானே முன்ஜாக்கிரதையா போன வாரத்துலேருந்து போட்டுண்டிருக்கேன்!"

நிலாவுக்குத் தலைகால் புரியவில்லை. கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு, ஸ்டைலாகத்தான் அடையாறு குழந்தை மருத்துவரிடம் வந்தாள். கேள்விகளையும் அவளே கேட்டாள்.

"டாக்டர், இதைப் போட்டுக்கிட்டா மத்தவங்களுக்கு வராதுல்ல?"

"பார்க்கிறதால வரவே வராது. வேணும்னா என்னை நல்லா முறைச்சுப் பாரு."

நிலா கண்ணாடியைக் கழற்றி முறைத்தாள். டாக்டரம்மா அசரவில்லை.

"கிளாஸ் போட்டா உனக்கு வெளிச்சம் கூசாது. அவ்ளோதான். இது கை வழியாப் போற வைரஸ். கண்ணைத் தொட்ட கை எதைத் தொடுதோ, அதுல ஏறி உட்கார்ந்துக்கும். துண்டு, தலகாணி, லிஃப்ட் பட்டன்..."

"ஸ்ட்ரைக்கர்?" நிலாவின் குரல் இறங்கிவிட்டது.

"கேரமா! வைரஸுக்கு அதைவிட நல்ல பஸ் கிடைக்காதே, கண்ணு."

குரூப் கேள்விகளை நானும் வரிசையாகக் கேட்டேன். ஒரு கண் வந்தாலும் பரவும். மீந்த சொட்டு மருந்து வேண்டாம். தாய்ப்பால் வேண்டவே வேண்டாம். வராத கண்ணுக்கு முன்கூட்டியே மருந்து தேவையில்லை. வந்தவளுக்குத் தனித் துண்டு, தனித் தலையணை, அடிக்கடி சோப்பு. கண்ணில் நீர் வடிவது நின்ற பிறகு பள்ளிக்கூடம். கண் வலித்தாலோ பார்வை மங்கினாலோ உடனே வரவேண்டும். பத்தே நிமிடத்தில் முடிந்துவிட்டது. இதையா காலையிலிருந்து ஆளாளுக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தோம்?

ஆட்டோவில் நிலாவுக்குச் சிவந்த கண், சிவக்காத கண்... இரண்டிலும் தண்ணீர்.

மாமாவிடம் போட்டியைத் தள்ளிவைக்கச் சொல்லிப் பார்த்தேன். "கப்பெல்லாம் வந்தாச்சும்மா. டிபனுக்கும் சொல்லியாச்சு. கொழந்தை வரலைன்னா வாக்ஓவர்தான். ரூல்ஸ்!"

சாயங்காலம் கீழேயிருந்து ஒரு கத்தல்.

"ஏய் நிலா! இன்னா, வாக்ஓவராமே? ஆடாம கப்பு வாங்கினா பசங்க ஓட்டித் தள்ளிடுவானுங்க. எனக்கு வேணாம்!"

ரிஸ்வான்தான். நிலா பால்கனிக்குப் பாய்ந்தாள். "நான் வந்தா உனக்கு ஒட்டிக்கும்டா லூசு!"

"நீ வராத. உன் போர்டுல நீ ஆடு. என் போர்டுல நான் ஆடுறேன். வீடியோ கால்! யாரு கம்மி ஸ்ட்ரைக்ல எல்லாக் காயும் போடுறாங்களோ, அவங்க வின்னு!"

பக்கத்தில் நின்ற அவன் அம்மா ரெஹானா — பாண்டி பஜாரில் சுடிதார் துணிக்கடை வைத்திருக்கிறவர் — மேலே பார்த்துக் கை விரித்தார். "அக்கா, ஸ்கூல் விட்டு வந்ததுலேருந்து சோறு இறங்கல. இதையே யோசிச்சுக்கினு கீறான்!"

"ரூல்ஸ்ல அப்படி இல்லையே..." என்று இழுத்தார், சத்தம் கேட்டு வந்த மாமா.

"கூடாதுன்னும் இல்லையே மாமா?" என்றார் ரெஹானா. முடிந்தது!

ஞாயிற்றுக்கிழமை. சங்கத்து ஹாலில் ரிஸ்வானும் ஒரு போர்டும். எங்கள் வீட்டில் நிலாவும் அவளுடைய பழைய போர்டும். ஹால் டிவியில் நிலா தெரிகிறாள். என் போனில் ரிஸ்வான். இங்கே நான் நடுவர். எதையும் தொடக் கூடாது என்று எனக்குக் கட்டளை.

நான் எத்தனையோ கிரிக்கெட் ஃபைனல் பார்த்திருக்கிறேன். நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டதில்லை! முதல் அடியிலேயே நிலாவுக்கு இரண்டு காய். ஹாலில் விசில். ரிஸ்வான் ஓரத்துக் காயைக் கட்டையில் மோதவிட்டு எதிர்ப் பாக்கெட்டில் இறக்கினான். மறுபடி விசில். நிலா ரெட் காயைப் போட்டாள்... அடுத்த அடியில் ஃபாலோ தவறியது. ரெட் திரும்ப நடுவுக்கு வந்து உட்கார்ந்தது. அந்தப் பக்கம் ரிஸ்வான் ஸ்ட்ரைக்கரையே பாக்கெட்டில் விட்டான். "மச்சி, சொதப்பாதடா!" என்று ஹாலே கதறியது.

கடைசியில் இருவருக்கும் ஒரே ஒரு காய்தான் மிச்சம். ஸ்ட்ரைக் கணக்கும் சமம்.

நிலா ஸ்ட்ரைக்கரை வைத்தாள். கண்ணில் நீர் திரண்டது. கை தானாகக் கண்ணுக்குப் போனது... பாதியில் நின்றது! எழுந்தாள். டிஷ்யூவால் ஒற்றினாள். குப்பைக் கூடையில் போட்டாள். சோப்புப் போட்டுக் கை கழுவினாள். வந்து உட்கார்ந்து அடித்தாள்.

காய் பாக்கெட்டின் விளிம்பு வரை போய் நின்றுவிட்டது.

ரிஸ்வானின் காய் விழுந்தது.

அழப்போகிறாள் என்று நினைத்தேன். நாற்காலி மேல் ஏறிக் குதித்தாள். "ஆடித்தானேம்மா தோத்தேன்! ஒரே ஒரு ஸ்ட்ரைக்!" போனில் ரிஸ்வான், "அடுத்த வருஷம் நேர்ல வா, செமயா இருக்கும்!" என்று கத்திக்கொண்டிருந்தான்.

அரை மணி நேரம் கழித்து அழைப்பு மணி. ரன்னர் கப்போடு ராமநாதன் மாமா. அதே கூலிங் கிளாஸ்.

"சபாஷ்டி கொழந்தே!" என்று கையை நீட்டினார். நீட்டிய வேகத்தில் கண்ணாடி மூக்கில் சரிந்தது. உள்ளே இரண்டு கண்களும்... மிளகாய்ப் பழம்! போன வாரம் போட்டிக்காக வீடு வீடாக ஸ்ட்ரைக்கரும் பவுடரும் கொடுத்தது இந்தக் கைதான்.

நிலா அந்தக் கையைப் பார்த்தாள். இரண்டடி பின்னால் போய், அழகாகக் கும்பிட்டாள்.

"தேங்க்ஸ் மாமா. கப்பை அங்கேயே வைங்க... அம்மா கழுவி எடுத்துப்பாங்க."

'யார்கிட்டேருந்து வந்துச்சு?' என்று குரூப்பில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது. ஆனால், வாய் திறப்பேனா? கோடையில் தண்ணீர் லாரிக்குச் சொல்கிறவரும் மாமாதான்!