தங்கைக்கு ஓர் இடம் தேடிக் கினிகத்தேனைக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கே பெட்டி கட்டி முடிந்துவிட்டது. தங்கை ரேணுகாவுக்கு மறுநாள் கல்லூரி தொடங்குகிறது. கினிகத்தேனையில், பொல்பிட்டியவுக்குப் பிரியும் வீதியில், இரண்டு வருடக் கணக்கியல் டிப்ளோமா. கல்லூரிக்கென்று சொந்த விடுதி கிடையாது. முதலாம் ஆண்டு மாணவர்கள் வெளியில்தான் இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே பெட்டியோடு போய், இடம் பார்த்து, நல்ல இடத்தில் அவளை விட்டுவிட்டு நான் மாலையில் திரும்புவதாக ஏற்பாடு. இடம் அமையாவிட்டால் பெட்டியும் அவளும் என்னோடு திரும்பிவிட வேண்டும்.

"எடம் நல்லாருந்தா விட்டுட்டு வா. இல்லேன்னா கூட்டிக்கிட்டு வந்துரு," என்றார் அப்பா. "நீதான் படிச்சவன். ஒனக்குத்தான் தெரியும்."

எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை போன முதல் ஆள் நான். தேயிலைத் தோட்டப் பாடசாலையில் உதவி ஆசிரியர். அதனால் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்பது வீட்டின் நம்பிக்கை. ரேணுகா திரும்பி வந்தால் என்ன நடக்கும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு ஆள் கேட்டு ஏற்கெனவே இரண்டு தடவை சொல்லியனுப்பியிருந்தார்கள்.

அம்மா ரொட்டியையும் சம்பலையும் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "பொம்பளப் புள்ள. பாத்ரூம் எங்கிட்டு இருக்குன்னு மொதல்ல பாரு," என்றாள்.

"கதவுக்கு உள்பக்கமா தாப்பா இருக்கான்னும் பாருங்க தம்பி!" என்று சுவருக்கு மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. பக்கத்துக் காம்பரா லெட்சுமி அக்கா.

தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான எங்கள் லயத்தில் ஒரு காம்பராவையும் அடுத்த காம்பராவையும் பிரிக்கும் சுவர் ஆளுயரத்துக்குச் சற்று மேலே போய் நின்றுவிடும். அதற்கும் தகரக் கூரைக்கும் நடுவே இரண்டடி வெறும் இடம். கருவாட்டு வாசம், விளக்கு வெளிச்சம், இருமல், புருஷன் பெண்டாட்டி சண்டை எல்லாம் அதன் வழியே போய்வரும். அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தச் சுவரிலிருந்து ஒருத்தியையாவது வெளியே எடுக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே பெட்டியைத் தூக்கினேன்.

தோட்டத்திலிருந்து பூண்டுலோயாவுக்கு ஒன்பது கிலோமீற்றர். முச்சக்கரவண்டிக்கு ஆயிரம் ரூபா. பாதையில் தார் இருப்பது பாதிதான்; மீதியைக் கல்லும் நீரும் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. கீழே கொத்மலை நீர்த்தேக்கத்தின் மேல் பனி படுத்திருந்தது. ரேணுகா கழுத்தைத் திருப்பித் திருப்பி அதையே பார்த்தாள்.

"என்னா ஸேர், தங்கச்சிய கட்டிக்குடுத்து அனுப்புற மாதிரி மொகத்த வச்சிருக்கீங்க?" என்றான் ஓட்டிவந்த சுரேஷ்.

"படிக்கப் போறா."

"அது இன்னும் செலவாச்சே!"

பூண்டுலோயாவிலிருந்து தலவாக்கலைக்கு ஒரு பஸ். அங்கிருந்து ஹட்டனுக்கு இன்னொன்று. இந்த வீதியில் முதல்முறை வருகிறவர்கள் இடப்பக்க, வலப்பக்க ஜன்னல்களுக்கு மாறி மாறி ஓடுவார்கள். முதலில் சென்கிளயர் நீர்வீழ்ச்சி, பிறகு டெவன். நாங்கள் ஓடவில்லை. ரேணுகா பெட்டியைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, இரண்டு நீர்வீழ்ச்சிகளுக்கும் சேர்த்து ஒரு ரொட்டியைத் தின்று முடித்தாள்.

ஹட்டனில் இறங்கும்போது மணி ஒன்பதரை. நான் மனதுக்குள் முடிவுசெய்து வைத்திருந்த இடம் இங்கேதான் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்த ஊரிலேயே படிப்பித்து ஓய்வுபெற்ற ஒரு டீச்சரின் வீட்டு மேல்மாடி அறை. தெரிந்த ஒருவர் சொல்லியிருந்தார். ரயில் நிலையத்துக்கு மேலே ஏறும் படிகளின் முடிவில் வீடு.

"வாங்கோ பிள்ளையள், இருங்கோ. மழை பிடிக்கேல்லையே?"

"ஓம் டீச்சர். இல்லை டீச்சர்," என்றேன்.

அறை அழகாக இருந்தது. ஒரு கட்டில், ஒரு மேசை, மேசைக்கு மேலே விளக்கு. கண்ணாடி ஜன்னலைத் திறந்தால் தண்டவாளம் வளைந்து போவது தெரியும். வெள்ளையடித்த சுவர்கள் கூரை வரைக்கும் போயின. மாதம் பன்னிரண்டாயிரம், சாப்பாடு தனி.

"சத்தம் ஒண்டும் கேளாது. படிக்கிற பிள்ளைக்கு அதுதானே வேணும்," என்றவர் ரேணுகாவைப் பார்த்தார். "தனியப் படுக்கப் பயமில்லையோ பிள்ளை?"

ரேணுகா என்னைப் பார்த்தாள். "பழகிடுவா டீச்சர்," என்றேன்.

"ஒரு விசயம் தம்பி. கினிகத்தேனைக்கு இங்கயிருந்து பஸ்ஸில ஒரு மணித்தியாலம் பிடிக்கும். விடிய வெளிக்கிட்டால் பொழுதுபடத்தான் திரும்பி வருவா. அங்கயும் போய்ப் பாத்திட்டுச் சொல்லுங்கோ. பின்னேரம் வரைக்கும் அறையை ஒருதருக்கும் குடுக்கமாட்டன்."

தெருவுக்கு வந்ததும் ரேணுகா பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "'ஓம் டீச்சர், ஓம் டீச்சர்'. நீங்க எப்பண்ணே யாப்பாணம் போயிட்டு வந்தீங்க?"

"மரியாதைக்குப் பேசுனேன்."

"அந்த ரூம்ல நான் தும்முனாக்கூட யாருக்குண்ணே கேக்கும்?"

அதற்காகத்தான் அந்த அறை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பஸ் ஒன்று வந்து நின்று, நடத்துநர் "கினிகத்தேன, கினிகத்தேன, நகின்ன, நகின்ன" என்று சிங்களத்தில் ஏறச் சொல்லிப் பெட்டியைப் பிடுங்கி எஞ்சின் பக்கத்தில் வைத்துவிட்டார்.

ஹட்டனிலிருந்து கினிகத்தேனைக்கு இருபது கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். வீதி இறங்கிக்கொண்டே போகிறது. வட்டவளையில் மழை எப்போதும் போல் காத்திருந்து ஏறிக்கொண்டது. அதைத் தாண்டியதும் காற்று மாறும். தேயிலைக்கு நடுவே பலா, பாக்கு, ரம்புட்டான் தலைகாட்டும். ஸ்வெட்டரைக் கழற்றத் தோன்றும். பேச்சும் சிங்களமும் தமிழுமாகக் கலந்துவிடும். பதினொன்றரைக்குக் கடைவீதியில் இறங்கியபோது எங்கள் இருவருக்கும் வியர்த்திருந்தது.

பார்க்கவேண்டிய இடம் ஓர் இரும்புக்கடையின் மேல்மாடி. கடை முதலாளியின் மனைவிதான் விடுதியை நடத்துகிறார். முஸ்லிம் வீட்டு வழக்கப்படி பிள்ளைகள் அவரை ராத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடுகிறார்கள். பெயின்ட் வாசமும் ஆணி வாசமும் அடிக்கும் பக்கவாட்டுப் படியில் ஏறும்போதே, நான் ஆசிரியர் என்பதைச் சத்தமாகச் சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்வது எனக்குப் பழக்கம்.

"அப்பிடியா மகன், நல்லம். வாங்க, பாருங்க."

மேலே ஒரே நீண்ட மண்டபம். நடுவில் நடை. இரண்டு பக்கமும் பலகை அடித்துப் பிரித்த சிறு அறைகள் வரிசையாக, கதவுக்குப் பக்கத்தில் கதவாக. அறைக்கு இரண்டு கட்டில். நடையின் கோடியில் நான்கு தண்ணீர்க் குழாய்கள். கயிற்றில் துணி. எங்கோ ஒரு போனில் பாட்டு. இந்த இடத்தை எனக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து தெரியும்.

ராத்தா காலியாக இருந்த ஓர் அறையைத் திறந்து காட்டினார். நான் உள்ளே போய், ரேணுகாவும் ராத்தாவும் வந்தபின் கதவைச் சாத்தினேன். பக்குவமாகப் பேசவேண்டும் என்பதற்காக.

"இங்கே எந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இருக்கிறாங்க?"

"எல்லாப் பக்கமும் ஈக்கிது மகன். தோட்டத்துப் புள்ளயள்தான் கூட. டவுன் புள்ளயள் ரெண்டு மூணு பேர் அந்தக் கோடியில."

"அப்ப தங்கச்சியை அந்த டவுன் பிள்ளைகளோட போட ஏலுமா? தோட்டத்துப் பிள்ளைகளோட இருந்தா பேச்சும் பழக்கமும் அப்படியே இருந்திடும். லயத்தை விட்டு வெளியே வரத்தானே இவ்வளவு பாடுபட்டுப் படிக்கிறது? லயத்திலருந்து கூட்டிக்கிட்டு வந்து இன்னொரு லயத்திலயா விடுறது?"

ராத்தா கண்களை மேலே உயர்த்தினார். யோசிக்கிறார் என்று நினைத்தேன். ரேணுகா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவசரப்படுத்துகிறாள் என்று நினைத்தேன். போன் பாட்டு நின்றுபோயிருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

"ஸேர்," என்றது பலகைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண்குரல், மிகுந்த மரியாதையோடு. "ஒங்க ஸ்கூல்ல படிக்கிறதெல்லாம் டவுன் புள்ளைங்களா?"

"ஏய் ஜெனிட்டா, சும்மா இருடி," என்றது எதிர்ப்பக்கத்து அறை.

"கேட்டுத் தெரிஞ்சுக்கிறேண்டி. நம்ம பழக்கம் ஒட்டிக்குமாம். அவங்க தங்கச்சிக்கு ஒரு ஊசி போட்டுட்டுத்தான் உள்ள விடணும்."

நாலைந்து அறைகளிலிருந்து சிரிப்பு கிளம்பியது. அப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். பலகை கதவுயரத்தோடு முடிந்திருந்தது. அதற்கு மேலே, மண்டபத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் திறந்த வெளி. இருபத்தாறு வருடமாக இப்படியொரு சுவருக்கு அடியில் தூங்கி எழும்பியவன், கதவைச் சாத்திவிட்டால் போதும் என்று நம்பியிருக்கிறேன்.

"மன்னிக்கவேண்டும்," என்றேன் பலகையைப் பார்த்து.

"மன்னிக்கவேண்டுமாம்!" என்று எங்கோ ஒருத்தி மூச்சுவிடாமல் சிரித்தாள்.

காது இரண்டும் கொதித்தன. அந்தச் சிறிய அறையில் நிற்க இடமில்லாததுபோல் இருந்தது. "பிளேன்டீ குடிக்கிறதா மகன்?" என்று ராத்தா கேட்டார். அந்த இரக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை. பெட்டியை எடு, போவோம் என்று ரேணுகாவிடம் சொல்ல நினைத்தேன். இனி இவர்கள் நடுவில் அவள் எப்படி இருப்பாள்? நான் பேசியதற்கு அவள்தானே தினமும் பதில் சொல்லவேண்டியிருக்கும்?

ரேணுகா பலகையில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள். அம்மா லெட்சுமி அக்காவைக் கூப்பிடுவது அப்படித்தான்.

"அக்காவா தங்கச்சியான்னு தெரியல. நான் ரேணுகா. பூண்டுலோயாவுக்கு மேல. நாங்களும் லயந்தான். எங்கண்ணன் பேசுனத மனசுல வச்சுக்காதீங்க. எனக்கு நல்ல எடமா பாக்கணும்னு விடியக்காலையிலருந்து அலையிறாரு."

கட்டில் கிறீச்சிட்டது. பலகைக்கு மேலே ஒரு கை வந்தது, கை நிறைய ரம்புட்டான்.

"பூண்டுலோயாவா? எங்க சின்னம்மாவ அங்கதான் கட்டிக்குடுத்துருக்கு. இந்தா, புடி. ஸேருக்கும் குடு."

ரேணுகா எம்பி வாங்கிக்கொண்டாள். எனக்கென்று கொடுத்த இரண்டையும் என் கையில் வைத்தாள். "இங்கதாண்ணே," என்றாள்.

"ஹட்டன் ரூம்?"

"அங்க நீங்க வேணும்னா போய் இருங்க, 'ஓம் டீச்சர்'னுகிட்டு." பிறகு குரல் மாறியது. "நெசமாண்ணே. அங்க எனக்குத் தூக்கம் வராது."

இடத்தைத் தீர்மானிக்க வந்த எனக்கு மிஞ்சியிருந்தது, கதவின் உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தது. குளியலறை நடையின் கோடியில், அதற்கும் தாழ்ப்பாள். மாதம் ஆறாயிரத்து ஐந்நூறு, மூன்று வேளைச் சாப்பாட்டுக்குத் தனிக் கணக்கு. ஹட்டன் டீச்சருக்குப் போன் செய்தேன். "அதுதான் பிள்ளைக்கு வசதி, தம்பி," என்றார். இம்முறை "சரிங்க டீச்சர்" என்றேன்.

இரண்டரைக்குக் கிளம்பினேன். நடை நெடுக எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. யாரும் எட்டிப்பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை. படியில் பக்கெட்டோடு ஏறிவந்த ஒரு குள்ளமான பெண் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டாள்.

"போயிட்டு வாங்க ஸேர்."

குரலை வைத்துத்தான் அது ஜெனிட்டா என்று தெரிந்தது. நான் தலையசைத்தேன்.

பஸ் மேலே ஏற ஏற மழையும் குளிரும் திரும்பி வந்தன. பெட்டி இருந்த இடத்தில் யாரோ ஒருவரின் மரவள்ளிக்கிழங்கு மூட்டை. அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதிலைத் தேடிக்கொண்டே வந்தேன். என் வகுப்பில் ஒரு டவுன் பிள்ளைகூட இல்லை. 'எங்கள் வீடு' என்று கட்டுரை எழுதச் சொன்னால், அதில் வரும் 'லயம்' என்ற சொல்லைச் சிவப்புப் பேனையால் வெட்டி 'இல்லம்' என்று எழுதுகிறவன் நான். இப்போது பிள்ளைகள் தாங்களாகவே இல்லம் என்று எழுதிவிடுகிறார்கள். அதை என் வெற்றி என்று நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வரும்போது ஆறரை. அம்மா வாசலிலேயே நின்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"இப்பத்தான் போன் பண்ணுனா. 'நம்ம லயம் மாதிரியேதாம்மா இருக்கு, பயமே இல்ல'ன்னா. பக்கத்து ரூமு புள்ளைக்கு இங்க சின்னம்மா இருக்காளாமே! 'எல்லாம் அண்ணன்தான் பாத்துப் பாத்துப் புடிச்சாரு'ன்னு ஒரே பெருமை."

"அதுக்குத்தான் படிச்சவன அனுப்பணுங்கிறது," என்றார் அப்பா, உள்ளேயிருந்து.

நான் பேசியதில் ஒரு சொல்லைக்கூட அவள் சொல்லவில்லை. பாயில் உட்கார்ந்தேன். சட்டைப்பையில் இரண்டு ரம்புட்டானும் நசுங்காமல் இருந்தன.

"நானும் கேட்டேன் தம்பி," என்றது சுவருக்கு மேலே லெட்சுமி அக்காவின் குரல். "தாப்பா இருக்குதாமே!"

"நான் புடிக்கலக்கா," என்றேன். குரலைத் தாழ்த்தவில்லை. "நான் வேணாம்னுதான் சொன்னேன். அவதான் இருக்கேன்னா."

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அதற்கு அடுத்த காம்பராவிலும் பேச்சு நின்றதுபோல் இருந்தது.

"வேணாம்னீங்களா? ஏன் தம்பி, எடத்துக்கு என்னா கொற?"

அண்ணாந்து பார்த்தேன். அவர்கள் வீட்டு விளக்கு வெளிச்சம் சுவரைத் தாண்டி எங்கள் கூரைத் தகரத்தில் விழுந்திருந்தது. அம்மாவும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு கொறையும் இல்லக்கா," என்றேன்.