பெட்டி மீன் பிடித்த இடம்

ஜெயரூபிக்குத் தொழில்நுட்ப அறம் என்ற பாடம் வந்து சேர்ந்தது, அவர் கடைவாய்ப் பல் பிடுங்கப் போயிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்குத்தான் பல்கலைக்கழக வளாகத்தின் பொறியியல் பிரிவில் விரிவுரையாளர்களுக்குப் பாடங்களைப் பங்கிட்டார்கள். மின்சுற்று, கட்டுப்பாட்டுப் பொறியியல் எல்லாவற்றையும் அங்கே இருந்தவர்கள் எடுத்துக்கொள்ள, எஞ்சியது அறம். மறுநாள் வீங்கிய கன்னத்தோடு வந்தவரிடம் துறைத்தலைவர் விஷயத்தைச் சொன்னார். அவருக்கு வாய் திறக்க ஏலவில்லை. மறுப்பில்லை என்று எழுதிக்கொண்டார்கள். அது நடந்து ஆறு வருடமாகிறது.

அதற்கு முன் பதினொரு வருடம் அவர் நீர் வழங்கல் வேலையில் இருந்தவர். உவர்மலையில் பிறந்து வளர்ந்தவர். பம்பின் சத்தத்தைக் கேட்டே அதன் நோயைச் சொல்லிவிடுவார் என்று அங்கே இன்றைக்கும் பேர் இருக்கிறது. பம்புக்குச் சரி பிழை உண்டு. தண்ணீர் வரும் அல்லது வராது. அறத்துக்கும் அப்படி ஏதாவது இருக்கும் என்று நம்பி, முதல் வருடம் பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் விடைகளைத் தேடினார். அங்கே சொல்லடைவுதான் இருந்தது.

வகுப்பு திங்கட்கிழமை பகல் இரண்டு மணிக்கு. வெளியே சுவர் நிழலில் மான்கள் படுத்திருக்கும். உள்ளே மாணவர்களும் ஏறக்குறைய அதே நிலையில்தான். விழித்திருப்பவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்தது சுருக்கமானது: யாருடைய தகவலை எடுக்கிறீர்களோ, அவரைக் கேட்டு எடுங்கள். கேட்பதற்கென்று ஒரு படிவமும் தயாரித்திருந்தார். எதற்கு எடுக்கிறோம், எங்கே வைப்போம், யாருக்குக் காட்டுவோம் என்று மூன்று மொழிகளில் மூன்று பக்கம். கடைசி வரி இப்படி முடியும்: ‘நீங்கள் எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம். காரணம் சொல்லத் தேவையில்லை.’ அந்த வரியை எழுதிய அன்று அவருக்குத் தன்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

இந்த வருடம் இறுதியாண்டு மாணவர்கள் இருவர் அந்தப் படிவத்தைக் கடலுக்குக் கொண்டுபோனார்கள். ஒருத்தி கிண்ணியாவிலிருந்து வரும் அசனா. மற்றவன் ஈச்சிலம்பற்றுக்காரன் கஜீபன். வள்ளங்கள் எங்கெங்கே போய் மீன் பிடிக்கின்றன என்று தெரிந்தால், திரும்பி வராத வள்ளத்தை எங்கே தேடுவது என்றும் தெரியும் என்பது அவர்களுடைய எண்ணம். சவர்க்காரக் கட்டி அளவில் பன்னிரண்டு பெட்டிகள் செய்தார்கள். பெட்டி எங்கே போகிறதோ அதை அதுவே பதிந்துகொள்ளும். தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும். கிண்ணியா மீனவர் சங்கத் தலைவர் அபூதாஹிர் அசனாவுக்குத் தாய்மாமன். ஒரே மாலையில், ஒரே தேத்தண்ணீரோடு, அவரோடு சேர்த்துப் பன்னிரண்டு வள்ளக்காரர்கள் படிவத்தில் கையெழுத்திட்டார்கள். சம்மதம் பெற்ற முறைக்கு ஜெயரூபி இருபதுக்குப் பத்தொன்பது புள்ளி போட்டார். முழுப் புள்ளி போட்டால் மேலே சந்தேகப்படுவார்கள் என்று ஒன்றைக் குறைத்தார்.

ஒன்றரை மாதம், ஆறு கிழமைக்குப் பிறகு வரைபடம் வந்தது. கொட்டியார் குடாவில் பன்னிரண்டு இடங்களில் வள்ளங்கள் நாலைந்து மணித்தியாலம் இடம் மாறாமல், மெல்ல ஆடியபடி நின்றிருந்தன. ‘எமது மீனவரின் பொறுமைக்கு இது சான்று’ என்று கஜீபன் அறிக்கையில் எழுதியிருந்தான். ஜெயரூபி அதன் கீழே கோடு போட்டு ‘நன்று’ என்று எழுதினார்.

அந்தச் சமயத்தில்தான் கப்பல்கள் காத்து நிற்க இடம் குறிக்கும் குழு ஒன்று அந்த வரைபடத்தைக் கேட்டது. குடாவில் மீன் பிடிக்கும் இடங்களை விட்டுவிட்டு, வெறும் இடத்தில் நங்கூரம் போட அனுமதிப்பது அவர்கள் திட்டம். வியாழக்கிழமை கூட்டம். நல்ல காரியம்தான். ஆனால் குழுவுக்குக் காட்டுவோம் என்று படிவத்தில் இல்லையே. தன் சட்டத்தைத் தானே மீற ஏலாது என்று, சனிக்கிழமை ஜெயரூபி வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு கிண்ணியாவுக்கு பஸ் ஏறினார்.

சங்கக் கட்டடத்தில் படத்தை விரித்ததும் பன்னிரண்டு தலைகள் குனிந்தன. ஒருவருக்கு இருமல் வந்தது. இன்னொருவர் இடுப்புச் சாரத்தைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார். குழுவுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டபோது, எல்லோரும் ஒரே குரலில், தாராளமாக, என்றார்கள். ஆறு வருடம் அறம் படிப்பித்தவருக்கு அவ்வளவு விரைவான சம்மதத்தில் நம்பிக்கையில்லை. பஸ்ஸுக்கு வழியனுப்ப வந்த அபூதாஹிரிடம், ஏதாவது பிழையா என்று கேட்டார்.

அபூதாஹிர் சுற்றும் பார்த்தார். “ஒண்டு சொல்றன் டீச்சர். எங்கட அசனாவுக்குச் சொல்லப்படாது. அது நாங்க மீன் பிடிக்கிற இடமில்ல. பெட்டி மீன் பிடிச்ச இடம்.”

போகும் வழியில் பெட்டியை ஒரு மிதவையில் கட்டிவிட்டு, தங்கள் இடத்துக்குப் போய் மீன் பிடித்து, திரும்பும்போது அவிழ்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஆறு கிழமையும் தினமும். ஒருவரை ஒருவர் கேட்டுச் செய்ததுமில்லை; பன்னிரண்டு பேருக்கும் தனித்தனியே தோன்றிய யோசனை அது.

கிண்ணியாவில் கரைக்கு வந்த ஒருவரிடம் மீன் எங்கே பட்டது என்று கேட்டால், அவர் மரியாதையாகக் கையை நீட்டி எதிர்த்திசையைக் காட்டுவார். கேட்டவருக்கும் அது எதிர்த்திசை என்று தெரியும். யாரும் அதைப் பொய் என்பதில்லை. கடலடியில் மீன் கூடும் பாறைத் திட்டுக்கு அங்கே ‘பார்’ என்று பெயர். வாப்பா மகனுக்குக் காட்டுவது பார். மனைவிக்குக்கூடச் சொல்லாதது பார். அதைப் பெட்டிக்குச் சொல்வார்களா?

“அப்ப ஏன் கையெழுத்து வைச்சனீங்கள்?” என்று ஜெயரூபி கேட்டார்.

“எங்கட பிள்ள வந்து கேக்குது. ஏலாண்டு சொல்லவா? கடதாசியில இரிந்திச்சுதானே, எப்பவும் விலகலாம், காரணம் சொல்லத் தேவல்ல எண்டு. நாங்க விலகின. காரணம் சொல்லல்ல.”

அந்தப் படிவத்தைக் கடைசி வரிவரை வாசித்த ஒரு மனிதரை அவர் ஆறு வருடத்தில் முதன்முதலாகச் சந்தித்தார். சந்தோஷப்படுவதா, அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவதா என்று தெரியவில்லை. பிறகு நினைவு வந்து, குழு செய்யப்போவதை விளக்கினார். காட்டிய இடத்தை விடுவார்கள். காட்டாத இடத்தில் நங்கூரம் விழும்.

“நங்கூரம் விழுந்தா பார் உடைஞ்சிரும்,” என்றார் அபூதாஹிர்.

“ஓம். அதுதான் கேக்கிறன், உண்மையான இடத்தைச் சொல்லுங்கோ.”

அவர் ஜெயரூபியைப் பார்த்த பார்வையில், உடுப்பைக் கழற்றச் சொல்லிவிட்டோமோ என்ற சந்தேகம் இவருக்கே வந்துவிட்டது. பஸ் வந்தது.

நங்கூரச் செய்தி ஞாயிற்றுக்கிழமையே ஊரில் பரவிவிட்டது. திங்கட்கிழமை அலுவலக வாசலில் கலீலுர் றஹ்மான் நின்றார். பன்னிரண்டு பேரில் ஒருவர். படத்தைப் பார்த்து இருமியவர். கையில் இரண்டு விளைமீன். அறம் படிப்பிக்கிறவர் அன்பளிப்பு வாங்கக்கூடாது என்று ஜெயரூபி மறுத்தார். பழுதாகப் போகிறதே என்று வாங்கினார். மற்றவர்களுக்குச் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, கலீலுர் றஹ்மான் தன் இடத்தைச் சொன்னார். கலங்கரை விளக்கையும் அதன் பின்னால் தெரியும் குன்றையும் ஒரே நேர்கோட்டில் பிடிக்க வேண்டும். மறுபக்கம் திரும்பி, எண்ணெய்த் தாங்கியையும் ஒரு பனையையும். இரண்டு நேரும் வெட்டும் இடம்.

அன்று பின்னேரம் இன்னொருவர் வந்தார். செவ்வாய்க்கிழமை ஐந்து பேர், சிலர் தொலைபேசியில். எல்லோருக்கும் ஒரே நிபந்தனை: மற்றவர்களுக்குத் தெரியப்படாது. ஜெயரூபி ஒவ்வொருவருக்கும் வாக்குக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, குடாவின் படத்தில் அடிமட்டத்தால் கோடு போட்டார். நாலாவது ஆளின் கோடு விழுந்தபோது அடிமட்டம் நழுவிவிட்டதென்று அழித்துத் திரும்பப் போட்டார். ஏழாவது ஆளின் கோட்டுக்குப் பிறகு அழிப்பதை நிறுத்திவிட்டார். எல்லோரும் ஒரே இடத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சேர்ந்து பேசி மறுபடி ஏமாற்றுகிறார்களோ என்று கடல் ஆழப் படத்தை எடுத்துப் பார்த்தார். அங்கே உண்மையாகவே ஒரு பாறை மேடு இருந்தது. மீதிப் பேர் புதன்கிழமை வந்தார்கள்; கடைசியாகப் பேசியவர் அபூதாஹிர்.

“மத்தவங்களுக்கு இது தெரியா டீச்சர். வாப்பா எனக்கு மட்டும்தான் காட்டின. வேற வள்ளம் கண்ணில பட்டா நான் அந்தப் பக்கமே போறதில்ல.”

பன்னிரண்டு பேருக்கும் ஏற்கெனவே தெரிந்ததை அந்தப் பன்னிரண்டு பேரிடமிருந்தும் மறைப்பதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். இது எந்த வகை இரகசியம் என்று பாடப்புத்தகத்தில் இல்லை. சொல்லடைவிலும் பார்த்தார்.

வியாழக்கிழமை கூட்டத்தில் மீனவர்கள் பின்வரிசைக் கதிரைகளில் இருந்தார்கள். அசனாவும் கஜீபனும் முன்னால், சலவை மடிப்புக் கலையாத உடுப்பில், சுவரில் மாட்டிய தங்கள் வரைபடத்துக்குக் கீழே. ஜெயரூபி எழுந்து, இந்த வரைபடம் பிழை, சரிபார்க்காமல் கையெழுத்திட்டது என் பிழை, திரும்பப் பெறுகிறேன் என்றார். கஜீபனுக்கு வாய் திறந்தது. அசனா படத்தைப் பார்க்கவில்லை. திரும்பி மாமாவைப் பார்த்தாள்.

அப்படியானால் மீன் பிடிக்கும் இடம் எது என்று குழுத் தலைவர் பின்வரிசையைக் கேட்டார். யாரும் சொல்லாவிட்டால் குழு முன்பே குறித்த நங்கூர இடம் போட்டபடியே இருக்கும், இன்றைக்கே கையெழுத்தாகும் என்று பொறுமையாக விளக்கினார். பன்னிரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். முதலில் வாய் திறப்பவன் தன் பாரை மற்ற பதினொரு பேருக்கும் கொடுத்தவனாவான். பார் உடைந்து போனாலும் அந்த அவமானம் மட்டும் வேண்டாம் என்று இருந்தார்கள் போலிருந்தது.

ஜெயரூபி முழுதாக ஒரு நிமிடம் காத்திருந்தார். பிறகு சிவப்புப் பேனையை எடுத்து, சுவரில் மாட்டியிருந்த படத்தில் ஒரு வட்டம் போட்டார். அது முட்டை மாதிரி வந்தது.

“இது ஆர் சொன்னது?” என்று தலைவர் கேட்டார்.

“அது சொல்ல ஏலாது.”

சரியா என்று தலைவர் பின்வரிசையைக் கேட்டார். வட்டத்தைப் பார்த்த பன்னிரண்டு பேரும் தங்களுக்குள் ஒருவரை ஒருவர் பார்க்காமலிருக்கப் பெரும்பாடு பட்டார்கள். கடைசியில் அபூதாஹிர் எழுந்தார்.

“டீச்சர் படிச்சவ. அவ சொன்னாச் சரியாத்தான் இரிக்கும்.”

பதினொரு தலைகள் ஆடின. நங்கூர இடம் வடக்கே தள்ளிப் போனது.

வெளியே மாமரத்தடியில் அசனா காத்து நின்றாள். கோபமாக இருக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாத முகம். வள்ளத்துக்குள் இருந்திருக்க வேண்டிய பெட்டிகளில் பாசி பிடித்திருந்ததை மூன்றாம் கிழமையே கண்டதாகவும், மாமாவிடம் கேட்கப் பயந்து துடைத்து வைத்ததாகவும் சொன்னாள். கஜீபனுக்கும் சொல்லவில்லையாம். பிறகு கேட்டாள்:

“நீங்க இப்ப செய்தது சரியா மிஸ்? அவங்க ஒங்கள நம்பித்தானே சொல்லிரிப்பாங்க.”

“சரியெண்டும் சொல்ல ஏலாது,” என்றார் ஜெயரூபி. கொஞ்சம் யோசித்து, “பிழையெண்டும் சொல்லமாட்டன்,” என்றார். வகுப்பில் யாராவது இப்படி எழுதியிருந்தால் அவர் இரண்டு புள்ளிக்கு மேல் கொடுக்கமாட்டார்.

புள்ளித் தாளில் அந்தப் பத்தொன்பது இன்னும் பென்சிலில் இருக்கிறது. சம்மதம் பொய் என்றால் பூச்சியம். ஆனால் விலகும் உரிமையைப் பன்னிரண்டு பேரும் பூரணமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று பார்த்தால் இருபது. அறிக்கையைத் திருத்தித் தர இருவருக்கும் இரண்டு மாத அவகாசம் கொடுத்தார். பொறுமை பற்றிய வசனத்தை நீக்குவதா என்று கஜீபன் கேட்டான். அதை மட்டும் அப்படியே வைக்கச் சொன்னார்.

இப்போது அந்த வட்டத்துக்குள் கப்பல் வருவதில்லை. வள்ளமும் போவதில்லை. முதலில் போகிறவன் அது தன் இடமென்று ஊரறிய ஒப்புக்கொண்டவனாவான். போன திங்கட்கிழமை வகுப்புக்குப் போகும் வழியில் அபூதாஹிரின் அழைப்பு வந்தது. அங்கே யாராவது போகிறார்களா, டீச்சருக்கு ஏதாவது காதில் விழுந்ததா என்று விசாரித்தார். ஒரு கிழமைக்குள் அதே கேள்வியைக் கேட்டவர்களில் அவர் நாலாவது ஆள்.

“நீங்கள் போங்கோவன், அபூதாஹிர். கப்பல்தான் இல்லையே.”

“கப்பல் இல்லதான் டீச்சர். கலீலுர் றஹ்மான்ட வள்ளம் தூரத்தில நிண்டு பாத்துக்கொண்டு இரிக்கு.”

“அவர் உங்களைத்தான் பாக்கிறாராக்கும், போறீங்களோ எண்டு.”

“அப்ப நான் நிண்டு ஆரப் பாக்கிற?”

தான் கேட்டதை யாருக்கும் சொல்லக்கூடாது என்று அபூதாஹிர் கேட்டுக்கொள்ள, ஜெயரூபி மறுபடி வாக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு மணி வகுப்புக்குள் போனார்.