பாதிக் கேன் மூச்சு

எங்கள் அறிவியல் டீச்சர் ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன் ஒன்றில் அரை லிட்டருக்கு ஒரு கோடு போட்டிருந்தார். கேன் நிறையத் தண்ணீர் பிடித்து, வாயைக் கையால் பொத்தி, தண்ணீர் டப்புக்குள் தலைகீழாகக் கவிழ்த்து, ஒரு டியூபின் முனையை உள்ளே விட வேண்டும். மூச்சை முட்ட இழுத்து மறுமுனையில் ஊதினால் காற்று மேலே போய் நிற்கும். அது எந்தக் கோடு வரை நிற்கிறதோ அவ்வளவுதான் நம் நுரையீரல். நான் பாதிக் கேனைத் தாண்டி ஊதினேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

காரணம் இருந்தது. ஒன்பதாம் வகுப்புக் கபடி அணிக்கு என்னை எடுத்திருந்தார்கள். அம்மா கையெழுத்துப் போடவேண்டிய படிவமோ பத்து நாளாகப் பையிலேயே கிடந்தது. சின்ன வயதில் எனக்கு இளைப்பு உண்டு. நான் வேகமாக நடந்தாலே அம்மா என் நெஞ்சைத்தான் பார்ப்பாள்.

“கேனை வீட்டுக்குக் கொண்டுவர்றேன். பாதி ஊதிட்டா கையெழுத்துப் போடணும்” என்றேன் அம்மாவிடம்.

“ஒரு சொட்டுக் குறைஞ்சாலும் கிடையாது.”

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் வாசலில் கேனைக் கவிழ்த்தேன். அம்மாவுக்குக் கேன் மேலேயே சந்தேகம். “தண்ணி தானா இறங்கும்போல. என்னைய ஏமாத்தப் பாக்குற. தள்ளு” என்று டியூபைப் பிடுங்கினாள். வடுகபட்டிப் பூண்டு மண்டியில் நாள் முழுக்கத் தோலை ஊதித் தள்ளுகிற வாய் அது. ஊதிய ஊதலில் டியூப் வெளியே துள்ளி, பூசைக்குக் கட்டிய சேலை தொப்பலாகிவிட்டது. விடுவாளா? மறுபடி ஊதினாள். மூன்று லிட்டர்!

“யாத்தே, வீடு சுத்துது!” என்று தரையில் உட்கார்ந்தாள்.

சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டு அத்தை, தானும் ஊதுவேன் என்று நின்றாள். ஊதினாள். டப்புத் தண்ணீர் சிவந்தது.

“ஐயோ, ரத்தம்!” என்று அம்மா அலறினாள்.

“வெத்தலடி” என்றாள் அத்தை.

அவ்வளவுதான், மூன்று பேரும் சிரித்து உருண்டோம். தண்ணீரை மாற்றி, டியூபைக் கழுவி, நான் மூச்சை இழுத்தேன். அத்தையின் சிவந்த வாய் கண்ணில் பட்டது. போச்சு. சிரிப்பில் காற்றெல்லாம் மூக்கு வழியாக ஓடிவிட்டது. மூன்று தடவை முயன்றும் ஒரு லிட்டரைத் தாண்டவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது. சிரிப்பு மட்டும் நிற்கவில்லை.

அம்மா கேனைப் பார்க்கவே இல்லை. என்னை இழுத்து முதுகில் காதை வைத்தாள்.

“பேசாம இரு.” வெகுநேரம் கேட்டாள். “சின்னதுல ரெண்டு சிரிப்புச் சிரிச்சா நெஞ்சு விசில் அடிக்கும். இம்புட்டு நேரமாச் சிரிக்கிற, ஒண்ணுமே கேக்கலயேடி.”

அவள் கண் நிறைந்திருந்தது. ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள், சேலையும் ஈரம்தான்.

“அந்தப் பேப்பரை ஓடிப்போய் எடுத்துட்டு வா” என்றாள்.

என்னை அவள் ஓடச் சொன்னது அன்றுதான் முதல் தடவை.