கப்பல் பாட்டு முடிந்த ஊர்

காலை ஆறரை மணிக்கு இலுப்பூரில் பஸ் ஏறினேன். பையில் ஒரு துண்டு, மனைவி கட்டிக் கொடுத்த புளியோதரை, ஒரு கல்யாணப் பத்திரிகை. இலுப்பூரில் என் கயிற்றுக் கடைக்கு எதிரே தானியக் கடை வைத்திருப்பவரின் மகனுக்குக் கட்டுமாவடியில் பெண் எடுத்திருந்தார்கள். பெண்ணின் தகப்பனார் கருவாட்டு மொத்த வியாபாரி. பத்திரிகையின் அடியில் சின்ன எழுத்தில், “மாலை 4 மணிக்குச் சகோதரிகளின் பாட்டுக் கச்சேரி” என்று போட்டிருந்தது. முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தச் சகோதரிகள் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறார்கள் என்பதால் பெயர் போடவில்லை. அக்காள், தங்கை என்றே வைத்துக்கொள்வோம். அக்காளுக்குக் கனத்த குரல், தங்கைக்கு மெல்லிசான குரல். அவர்கள் பாடிய ஒரு இசைத்தட்டு என் மைத்துனரிடம் இருந்தது. மைத்துனர் என்றால் என் மனைவியின் அண்ணன், வல்லத்திராக்கோட்டைச் சின்னையா. நாலு ஏக்கர் நிலம், ஒரு ஜோடி மாடு, சாவி கொடுத்து ஓட்டுகிற ஒரு கிராமபோன் பெட்டி ஆகியவற்றுக்குச் சொந்தக்காரர். இதில் எதை முதலில் சொல்ல வேண்டும் என்பது அவரைக் கேட்டால்தான் தெரியும்.

பாடகர்களை நேரில் பார்ப்பதில் எனக்கு அதுவரை ராசி கிடையாது. புதுக்கோட்டையில் ஒரு பெரிய பாடகர் வந்தபோது தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்து, மூன்று மணி நேரம் பிடில்காரரின் முழங்கையை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். இன்னொரு தடவை ஆசையோடு போய் உட்கார்ந்தால், பாடகருக்கு ஜலதோஷம் என்று அவருடைய சிஷ்யர் பாடினார். இந்தத் தடவை அப்படி ஆகிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேதான் கிளம்பினேன். காரணம் அந்தத் தட்டு.

அதற்கு நாங்கள் வைத்த பெயர் கப்பல் பாட்டு. அக்கரைச் சீமைக்குப் போனவனுக்காக ஒரு பெண் கரையில் நிற்கிறாள். ஒரு பக்கம் முழுக்கக் காத்திருக்கிறாள். தட்டைத் திருப்பிப் போட்டு, மறுபடி சாவி கொடுத்தால், இரண்டாம் பக்கத்தில் தூரத்தில் ஒரு பாய்மரம் தெரிகிறது. கப்பல் நெருங்குகிறது. அந்த இடத்தில் ஊசி ‘கிரீச்’ என்று வழுக்கி நடுவில் போய் நின்றுவிடும். நாலு வருஷத்துக்கு முன்னால் மச்சான் மனைவியின் கை தவறி, ஒரு வெண்கலக் கும்பா தட்டின்மேல் விழுந்து பள்ளமாக்கிவிட்டது. வாங்கிய மூன்றாம் நாள். இரண்டாம் பக்கத்தை அதுவரை யாரும் ஒழுங்காகக் கேட்டிருக்கவில்லை. வேறு தட்டு கேட்டுத் திருச்சிவரை ஆள் அனுப்பியும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து மச்சான் அந்தக் கும்பாவில் கஞ்சி குடிப்பதில்லை. அது பரண்மேல் கவிழ்ந்து கிடந்தது.

அவன் வந்தானா, வரவில்லையா? வந்தான் என்பது மச்சானின் கட்சி. வரவில்லை என்பது என் கட்சி. வந்துவிட்டால் எதற்கு இவ்வளவு சோகமான ராகம் என்று நான் கேட்பேன். நாலு வருஷமாக, பொங்கலுக்குப் போனாலும் காதுகுத்துக்குப் போனாலும் இதுதான் பேச்சு.

புதுக்கோட்டையில் இறங்கி, காபி குடித்து, அறந்தாங்கி பஸ்ஸில் ஏறும்போது மணி ஒன்பது. இருபது மைல், பன்னிரண்டு அணா. வல்லத்திராக்கோட்டை நிறுத்தத்தில் மச்சான் சலவை வேட்டியோடு நின்றிருந்தார். தோளில் ஒரு சொம்பைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

“சொம்பு எதுக்கு மச்சான்?”

“வழியில தாகமெடுக்கும்ல. நீங்க கொஞ்சம் அங்கிட்டு தள்ளி ஒக்காருங்க மாப்ள.”

உட்கார்ந்ததும் மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். கச்சேரியில் பிடித்த பாட்டை எழுதி மேடைக்குச் சீட்டு அனுப்பும் வழக்கம் உண்டல்லவா? அதை முதல் நாளே எழுதிக்கொண்டு வந்துவிட்டார். நான் படிக்கப் போனபோது பஸ் குலுங்கியது. வாங்கி மறுபடி மடியில் வைத்துக்கொண்டார்.

“இன்னைக்குத் தெரிஞ்சு போயிரும். வந்துருப்பான் மாப்ள.”

“வந்திருக்க மாட்டான்” என்றேன், பழக்க தோஷம்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பார்த்தபடியே, “வேலு கடுதாசி போட்டு இந்தத் தையோட நாலு வருசமாச்சு” என்றார்.

வேலு அவருடைய தம்பி, என் மனைவிக்கும் தம்பி. மலேயாவுக்கு ரப்பர் தோட்டத்துக் கணக்கு வேலைக்குப் போனவன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலு வருஷமாக இந்த மனிதரிடம், அவர் வீட்டிலேயே உட்கார்ந்து, அவர் போட்ட சோற்றைத் தின்றுகொண்டு, வரமாட்டான் வரமாட்டான் என்று விதண்டாவாதம் பேசியிருக்கிறேன். எனக்குக் கயிறு முறுக்கத் தெரிந்த அளவுக்கு மனிதர்களைத் தெரியவில்லை.

அறந்தாங்கியில் புளியோதரையைத் தின்றுவிட்டு, பகல் ஒரு மணிக்குக் கட்டுமாவடி பஸ் பிடித்தோம். பதினாலு மைல் சொச்சம். கூரையில் மீன் கொண்டுவந்த வெறுங்கூடைகள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. கூடைதான் வெறுமை, வாசனை முழுசாக இருந்தது. பாதி வழியில் எஞ்சின் கொதித்து, ஒரு கண்மாய்க் கரையில் வண்டி நின்றது. டிரைவர் இறங்கிப் பீடி பற்ற வைத்தார்.

“எவ்வளவு நேரமாகுங்க?” என்றேன்.

“அது ஆறணும், தண்ணி குடிக்கணும், பெறகு அதுக்கா மனசு வரணும். அவசரமாப் போறீங்களா?”

“கச்சேரி நாலு மணிக்குங்க” என்றார் மச்சான். சொம்பை எடுத்துக்கொண்டு கண்மாய்க்கு ஓடினார். சலவை வேட்டி முழங்காலுக்கு மேல் ஏறியது. எட்டு நடை நடந்து எஞ்சினில் ஊற்றினார். கண்டக்டர் என்னிடம் மெதுவாக, “கச்சேரியில அவுகதான் பாடுறாகளா?” என்று கேட்டார்.

நாலேகாலுக்குக் கட்டுமாவடி. கரையில் படகுகளை ஏற்றிப் போட்டிருந்தார்கள். வலைகளுக்கு நடுவே ஒரு பெரிய தென்னங்கீற்றுப் பந்தல். அந்த ஊர்க் கடல் அலையடிக்காமல் எங்கள் ஊர்க் கண்மாயைப் போல அடக்கமாகக் கிடந்தது. மைக்கில் பாட்டு கேட்டது. மச்சான் ஓட்டமும் நடையுமாகப் போனார். எதிர்க்கடைக்காரர் வாசலில் பிடித்துக்கொண்டார். “தாலி கட்டுறதுக்கு வராம, கச்சேரிக்குன்னு வந்த ஆளு நீங்கதாங்க” என்று சிரித்துவிட்டு, முன்வரிசையிலேயே இடம் பண்ணிக் கொடுத்தார்.

தூண் கிடையாது. பத்தடி தூரத்தில் அக்காளும் தங்கையும். தட்டில் கேட்ட குரல்களுக்கு முகம் இருந்தது. அக்காள் ஒல்லி, தங்கைதான் பருமன். நான் நேர்மாறாக நினைத்திருந்தேன். ஆனால் குரல் அதே குரல். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

ஐந்து மணிக்கு மச்சான் சீட்டைக் கொடுத்தனுப்பினார். அக்காள் அதைப் பிரித்துப் படித்தார். தங்கையிடம் காட்டினார். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு வேறு பாட்டு பாடினார்கள். அதற்குப் பிறகு இன்னொன்று. இரவு ரயிலுக்கு அவர்கள் அறந்தாங்கி போக வேண்டும், ஆறு மணிக்கு முடித்துவிடுவார்கள் என்று பக்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

“என்ன எழுதுனீங்க மச்சான்?”

“மரியாதையாத்தான் எழுதுனேன். கப்பல் பாட்டை மொதப் பக்கமும் ரெண்டாம் பக்கமும் விடாமப் பாடணும்னு.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பாட்டுக்குப் பக்கம் ஏது? தட்டில் கேட்டே வளர்ந்தவர்களுக்கு அல்லவா பக்கம்?

ஐந்தரைக்கு அக்காள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மைக்கில் சொன்னார். “ஒரு அன்பர் ரெண்டு பக்கமும் கேட்டிருக்கார். பாடிடுறோம்.”

கப்பல் பாட்டு தொடங்கியது. மச்சானும் நானும் தொடையில் தாளம் போட்டோம். ஒவ்வொரு எழுத்தும் எங்களுக்கு மனப்பாடம். அந்தப் பெண் காத்திருந்து காத்திருந்து முதல் பக்கம் முடிகிற இடம் வந்தது. எங்கள் இருவர் கையும் அப்படியே நின்றன. மச்சானின் வலது கை தன்னாலே காற்றில் சாவி சுற்றியது. பாட்டு நிற்காமல் போய்விட்டது. தாளத்தைத் தவற விட்டுவிட்டு இரண்டு பேரும் முழித்தோம். பின்வரிசைக்காரர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். தங்கை அதைக் கவனித்துவிட்டார். பாடிக்கொண்டே மச்சானைப் பார்த்துச் சிரித்தார்.

பாய்மரம் தெரிந்தது. கப்பல் நெருங்கியது. ஊசி வழுக்கும் இடம். மச்சான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வழுக்கவில்லை. கப்பலிலிருந்து ஒருவன் இறங்கிக் கரைக்கு வருகிறான். தாடியும் மீசையுமாக இருக்கிறான். அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. யாரோ என்று விலகி நிற்கிறாள். அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். அந்தப் பெயரை அக்காள் ஒரு தடவை, தங்கை ஒரு தடவை, பிறகு இருவரும் சேர்ந்து. அவ்வளவுதான் பாட்டு.

மச்சான் துண்டால் முகத்தை மூடி அழுதார். என் கட்சி தோற்றதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

சகோதரிகளின் கார் கிளம்புவதற்குள் இரண்டு பேரும் போய்க் கும்பிட்டோம். கும்பா விழுந்த கதையை மச்சான் ஒப்பித்தார். அக்காள் பொறுமையாகக் கேட்டார்.

“கும்பா மேல பழி போடாதீங்க ஐயா. தட்டுல அந்தக் கடைசிச் சரணமே கெடையாது. எடம் போதலை. நேரம் ஆச்சுன்னு ரிக்கார்டு எடுக்கிறவர் கையைத் தூக்கிட்டார். கப்பலோட நிறுத்திட்டோம்.”

“அப்ப அந்தப் பள்ளத்துல?”

“ஒண்ணுமில்லை. ஆர்மோனியம் கொஞ்சம் இழுக்கும்.”

மறுநாள் காலை ஏழு மணி பஸ்ஸில் திரும்பினோம். வழியெல்லாம் மச்சான் கடைசிச் சரணத்தை முணுமுணுத்துப் பாடம் பண்ணினார். அறந்தாங்கி தாண்டியதும், “வேலுவும் தாடியோடதான் வருவான் மாப்ள. நீங்கதான் அடையாளம் பாத்துச் சொல்லணும்” என்றார். வருவான் என்றேன். பழக்கமில்லாத சொல்லாக இருந்தாலும் சுலபமாகவே வந்தது.

நானும் வல்லத்திராக்கோட்டையில் இறங்கினேன். வீட்டுக்குள் போனதும் மச்சான் கிராமபோனுக்குச் சாவி கொடுத்து இரண்டாம் பக்கத்தைப் போட்டார். மச்சான் மனைவி அடுப்படியில் இருந்தார். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கட்டுமாவடிக் கடற்கரையில் கேட்டதற்கு இந்தப் பெட்டிக் குரல் எந்த மூலைக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாய்மரம், கப்பல், ‘கிரீச்’. மச்சான் ஊசியை எடுக்கவில்லை. மாட்டை அதட்டுகிற அந்தக் குரலிலேயே விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார். சுதி இல்லை, தாளம் மட்டும் இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிடும் இடம் வந்ததும், பாட்டில் இருந்த பெயரை விட்டுவிட்டு, “மீனாச்சி” என்று பாடினார். எனக்குக் கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் அவர் அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. “இந்தா” என்பதுதான் கூப்பிடுகிற பெயர்.

அடுப்படியில் சத்தம் நின்றது. “என்னங்க, எதுவும் வேணுமா?” என்றார் அக்கா.

“கும்பால கஞ்சி ஊத்திக் கொண்டா” என்றார் மச்சான்.